லூர்துமேரி நடந்த கடற்பாலம்

"கடல்மேல நடந்த ஞாபகம் ஒண்ணு எனக்கு இருக்கு டீச்சர். அது கனவா, நெஜமா?"

1991-இல் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே லூர்துமேரி கேட்டாள். ஒரகடம் பக்கத்துப் பள்ளியில் நான் அறிவியல், அவள் கணக்கு. 1950 வாக்கில், நான்கு வயதில், அப்பாவோடு வியட்நாமின் சைகோனிலிருந்து கப்பலில் புதுச்சேரி வந்தவள். அடுத்த வருடமே அப்பா இறந்துவிட்டார். அவரைப் பற்றி அவளிடம் மிஞ்சியது இந்த ஒரு ஞாபகம்தான்: காலுக்குக் கீழே கடல், தரை ஓடுகிறதென்று அவள் அலற, அப்பா தூக்கிக்கொள்கிறார். அந்தக் கப்பலில் வராத அவளுடைய பிள்ளைப்பாக்கத்து அண்ணனோ, "கடல்மேல நடக்க நீ இன்னா ஏசுநாதரா?" என்று சிரிப்பாராம்.

புதுச்சேரியில் கடலுக்குள் நீளும் பழைய பாலம் ஒன்று உண்டு என்று கேட்டிருந்தேன், போய்ப் பார்க்கலாம் என்றேன். ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஒரகடத்தில் பஸ் ஏறினோம். இன்று கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் அந்தச் சாலையில் அன்று இருபுறமும் நெல்வயல். "இன்னா டீச்சர், பசங்கள வுட்டுட்டு நீங்க மட்டும் டூரா?" என்றார் கண்டக்டர். சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று மாறி மாறிப் போய்ச் சேரப் பத்து மணி.

கடற்கரையில் பாலம் இல்லை. துருப்பிடித்த இரும்புத் தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன.

ஆழமில்லாத கரை என்பதால் கப்பல்கள் தள்ளியே நிற்கும். அலையைத் தாண்டிப் படகில்தான் ஆளும் சரக்கும் வர வேண்டும். அந்தப் படகுகள் அலைக்கு அப்பாலேயே ஆளை இறக்கிவிடப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது இந்தப் பாலம். மணலில் தூண் எப்படி நிற்கும்? இந்த வகைப் பாலங்களில் தூணின் அடியில் திருகுபோல் இரும்பு இதழ் வைத்து, முறுக்கி முறுக்கி இறக்குவார்கள். ஆணியைப் பிடுங்கிவிடலாம், திருகாணியைப் பிடுங்கிப் பாருங்கள், புரியும். 1952 புயல் மேல்தளத்தைக் கொண்டுபோன பிறகும் தூண்கள் நின்றன.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். லூர்துமேரியின் கதையை நான் சொல்லவேயில்லை.

"அது மேலேர்ந்து குதிச்சி நீந்துனவன்மா நானு. பலகைக்கு நடுவுல சந்து வுட்டிருப்பான். கீழ பாத்தா தண்ணி ஓடும், பாலமே ஓடுற மாரி இருக்கும். கப்பல்லேர்ந்து எறங்குற கொயந்தைங்க கத்தும் பாரு!"

லூர்துமேரி என் கையை இறுகப் பிடித்தாள்.

"இன்னாம்மா, அழுவுற?"

"இல்ல ஐயா, நானும் கத்துனேன்."

"அப்டியா! அந்தத் தூணுக்கு நேரா போய் நின்னு பாரு. பாலம் போன வழி தெரியும்."

அவள் போய் நின்றாள். "அண்ணன்கிட்ட இன்னா சொல்லப் போற?" என்றேன். "இரும்பு மேல நடந்தேன், எங்கப்பா கூட."

நீங்கள் போவதானால் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். எட்டு மணிக்குப் பிறகு கடலைப் பார்த்தால் கண் கூசும். கடற்கரைச் சாலையில் இருந்தே தூண்கள் தெரியும். வரிசைக்கு நேராக நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரை பாருங்கள்.