கங்காணிப் பாட்டு எழுதியவர்

எருத்தேன்பதிச் சந்தையில் சாக்கை விரித்துப் பாட்டுப் புத்தகம் விற்ற அந்த அம்மாளை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. எந்தப் புத்தகத்தையும் முந்தானையால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் கொடுப்பார்.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகளின் பொய்யைச் சொல்லும் புதுப் பாட்டு அன்று வேகமாக விற்றது. மறுநாள் மலையேறச் சம்மதித்திருந்த நானும் ஒன்று வாங்கினேன். அந்நேரம் எங்கள் கங்காணியே இரண்டு தடியர்களோடு வந்து நின்றார்.

"இதை எழுதுன பய எங்க இருக்கான்?"

"பய இல்லீங்க. நாந்தானுங்க எழுதுனேன்."

கங்காணி சிரித்தார். "பொம்பளை பாட்டுக் கட்டுதாளாம்! எவனையோ காப்பாத்தப் பாக்கா" என்று திரும்பி நடந்தார். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அந்த அம்மாள் எழுந்தார். "நில்லுங்க" என்று சொல்லி, கங்காணியின் பெயரையே வைத்து நான்கு அடி கட்டிப் பாடினார். சந்தையே சிரித்தது. கங்காணி கைத்தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் ஜனங்கள் நெருங்கிச் சூழ்ந்துகொண்டதால், தடியைத் தாழ்த்திப் போய்விட்டார்.

"ஏனுங்கம்மா, அவரே நம்பாமப் போனாரே, சும்மா இருந்திருக்கலாமுங்களே?" என்றேன்.

"பொம்பளை பேரு போட்டா விக்காதுன்னு அச்சாபீசுல எம் பேரைப் போடலீங்க. இவனும் எவனோ எழுதுனான்னு சொன்னா, எப்படிங்க உடறது?"

நான் மலைக்குப் போகவில்லை. அந்த அம்மாள் இப்படிச் சொன்னபோது அவர் கால்கள் வெடவெடவென்று நடுங்கியதைப் பார்த்தேன். அத்தனை பயத்தோடு எப்படி எழுந்து நின்றார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.