கரையில் ஆளில்லாத கப்பல்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் கன்னடக்காரர்கள் ஊரில், அடுகோடி என்ற பேட்டையில், ஓர் அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு டிவி ஒன்றுக்காக, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து வணிகக் கப்பல் ஒன்று மதராஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் காட்சியைச் செய்துகொண்டிருந்தோம். நம் ஊரைச் சுரண்டிக்கொண்டு போன கப்பலுக்கு நாமே பாய் விரித்து, காற்று வீசி, வழியனுப்ப வேண்டும். வெட்கமில்லாமல் அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

என் பங்குக்கு வந்தது கரையில் நிற்கும் கூட்டம். மூட்டை தூக்குகிறவர்கள், கயிறு இழுக்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு அப்பாவின் முகத்தைக் கொடுத்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். போனில் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, பார்த்தே தீருவேன் என்று ரயில் ஏறிவிட்டார்.

அவர் வரும் நாள் காலையில் ஆபீஸ் போய்ப் படத்தைத் திறந்தால், கரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஒரு ஆள் இல்லை. டீம் லீடரிடம் ஓடினேன். அதே ஊர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர்தான்.

“கிளையன்ட் மெயில் போட்டுட்டான். கூட்டம் கண்ண உறுத்துதாம், கப்பல் மட்டும் போதுமாம். தூக்கிட்டேன்.”

“எங்கப்பா வர்றாரு சார். அவர் ஒருத்தரையாவது விட்டு வைங்க.”

“சும்மா கிரிகிரி பண்ணாதம்மா. இன்னிக்கு டெலிவரி.”

பழைய ஃபைலும் இல்லை. இடத்தை அடைக்கிறது என்று அதையும் அழித்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அப்பா வந்தார், சலவைச் சட்டையில். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீம் லீடர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படத்தை ஓடவிட்டார். எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு கப்பல் கம்பீரமாகக் கிளம்பியது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினார். திரைக்குக் கிட்டே போனார்.

“பொரை விழுந்த கண்ணும்மா, ஒண்ணும் தெரியல. நான் எங்க கீறேன்?”

டீம் லீடர் குனிந்து, வெறும் மணலில் விரலை வைத்தார்.

“இதோ நிக்கிறீங்களே அங்கிள், மூட்டையோட!”

அந்த விரலை ஒடித்துப் போடலாம்போல் இருந்தது. அப்பா அந்த மணலையே உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார்.

“ஆமா, நானேதான். சோக்கா செஞ்சிகிறம்மா.”