இரண்டு தட்டு

யாராவது வீட்டுக்கு வந்து என் பெட்டியைப் பார்த்து, "ஒரு பாட்டு போடு, கேப்போம்" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மாடுலர் சின்தசைசர் பாட்டுப் போடாது. அதில் பியானோ மாதிரிக் கட்டைகளும் கிடையாது. துணிப்பெட்டி அளவுள்ள ஒரு சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு தகடுகள், ஒவ்வொன்றிலும் திருகுகளும் துளைகளும் இருக்கும், அவ்வளவுதான். ஒரு தகடு ஓசையை உண்டாக்கும். ஒன்று அதை வடிகட்டும். இன்னொன்று கதவு மாதிரி, எப்போது ஓசையை வெளியே விடலாம் என்று திறந்து மூடும். எதை எதோடு கேபிள் போட்டுச் சேர்ப்பது என்பது நம் பாடு. சொருகினால் சத்தம் வரும், பிடுங்கினால் போய்விடும். நேற்று என்ன சொருகியிருந்தோம் என்பது அந்தப் பெட்டிக்கே தெரியாது.

அப்பா நன்றாக இருந்த காலத்தில் அதை மீட்டர் பெட்டி என்பார். "டேய், ஷாக் கீக் அடிச்சுச் செத்துத் தொலைக்காத. என்னைத் தூக்கிப் போட ஆள் வேணும்லா" என்பார். அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை. அலோர் காஜாவில் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் கருவிகளைப் பழுது பார்க்கிறவன், ஷிப்ட் வேலை. அப்பா காலமெல்லாம் பள்ளி பஸ் ஓட்டியவர். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவருவார். வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். மூன்றாவது தடவை அடிக்கவே மாட்டார். வராத பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று ஊருக்கே பயம்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. தொண்டையிலிருந்து ஏதோ வரும், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். நான் வேலைக்குப் போகிற நாட்களில் பக்கத்து ஊர் மஸ்ஜித் தானாவிலிருந்து அக்கா காரில் வந்து பார்த்துக்கொள்வாள். கூப்பிடுவதற்கு அப்பா கையில் ஒரு மணியைக் கொடுத்தோம். அதைத் தவறவிட்டுவிட்டு, தரையில் கிடக்கிற மணியையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவராகவே இடது கை முட்டியால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். அது சமையலறைக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதிர்வைப் பிடிக்கிற சின்னப் பித்தளை வில்லை ஒன்றைக் கட்டில் கம்பியில் டேப் போட்டு ஒட்டினேன். அதிலிருந்து ஒயரை என் அறைப் பெட்டிக்கு இழுத்தேன். அப்பா ஒரு தட்டுத் தட்டினால் அந்தக் கதவுத் தகடு ஒரு கணம் திறக்கும், ஓசை வெளியே வரும். என் அறையில் ஒரு ஸ்பீக்கர், சமையலறையில் ஒரு ஸ்பீக்கர். என்ன ஓசை வேண்டும் என்று அவரையே கேட்டேன். பெட்டியை நாற்காலியில் வைத்துத் திருகை மெதுவாகத் திருப்பினேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரலைத் தூக்கினார். கனத்த, மூக்கடைத்த சத்தம். அவருடைய பஸ் ஹாரன் ஏறக்குறைய அதுதான். அன்றைக்கு அப்பா சிரித்தார், பாதி முகத்தால். நான் வெளியே போய் அழுதேன்.

அதன்பிறகு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாதா கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க தம்பி அப்பாவுக்கு ஹாரன் செஞ்சு கொடுத்திருக்கான்" என்று சொல்லிவைத்தாள். உண்மையில் என் யோக்கியதை என்ன தெரியுமா? அப்பா தண்ணீருக்குத் தட்டுவார், திரும்பிப் படுக்கத் தட்டுவார், சில சமயம் சும்மாவும் தட்டுவார். எப்போதும் இரண்டு தட்டுத்தான். "என்னப்பா, இப்பத்தானே வந்துட்டுப் போனேன்! ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா?" என்று கத்தியிருக்கிறேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெட்டியில் பாதித் தகடுகள் அவருக்கே போய்விட்டன, என் இஷ்டத்துக்கு எதையும் செய்ய முடியவில்லை என்று எனக்கு எரிச்சல். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் இருந்தது.

அந்த நாள் எனக்கு ஓய்வு நாள். மத்தியானம் கஞ்சி கொடுத்து, வாய் துடைத்துவிட்டு வந்தேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். மழை பிடித்துக்கொண்டது, பின்கட்டுத் தகரத்தில் காது செவிடாகும்படி கொட்டியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த தகடுகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தேன். அப்பா தட்டினால் ஹாரன் அதிலும் கேட்கும். பல மாதமாக எனக்குக் கிடைக்காத ஒரு சத்தம் அன்று கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆழமாக, மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கேபிள் இருந்தால் முடிந்துவிடும்.

கேபிள் எப்போதும் ஒன்று குறையும். இந்தப் பெட்டி வைத்திருக்கிறவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஒன்று வேண்டுமென்றால் வேறொரு இடத்திலிருந்து பிடுங்கிச் சொருகுவோம், கை தானாகவே அதைச் செய்யும். என் கை அப்பாவின் கேபிளைப் பிடுங்கியது. தூங்குகிறார், அஞ்சு நிமிஷம்தானே என்று நினைத்தேன். இல்லை, பொய் சொல்லக்கூடாது. அதைக்கூட நான் நினைக்கவில்லை.

மழை விட்ட பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன். வீடு அமைதியாக இருந்தது. பெட்டியில் காலியாக இருந்த துளையைப் பார்த்தேன். ஓடினேன்.

கஞ்சி மேலே ஏறி வந்து மூச்சை அடைத்திருந்தது. தலையணை முழுக்க ஈரம். கண் வாசலைப் பார்த்தபடி இருந்தது. இடது கை கட்டில் கம்பிமேல் கிடந்தது, முட்டியில் தோல் உரிந்து இரத்தம். கம்பியில் அந்த இடத்தில் பெயின்ட் போயிருந்தது. இரண்டு தட்டுக்கு அப்படிப் பெயின்ட் போகாது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அக்காவைக் கூப்பிடவில்லை. அப்பாவின் கண்ணைக்கூட மூடவில்லை. என் அறைக்குப் போய் அந்தக் கேபிளை எடுத்துப் பழைய துளையில் சொருகினேன். பிறகுதான் போனை எடுத்தேன். பாவி! பெத்த அப்பன் அங்கே கிடக்க, மகன் தடயத்தை மறைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். டாக்டர் வந்தார், இப்படிப் படுத்திருப்பவர்களுக்கு நடப்பதுதான் என்றார். போலீஸ் நிலையத்தில் அடக்கத்துக்கு அனுமதித் தாள் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை குறுக்கே கேட்கவில்லை. சாயங்காலம் அப்பாவுக்குக் கோட்டு மாட்டி, கையில் ஜெபமாலை சுற்றும்போது அக்கா முட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா தம்பி, தோலு இப்படி உரிஞ்சிருக்கு?"

"செவத்துல இடிச்சிருப்பாருக்கா."

"அச்சச்சோ, வலிச்சிருக்குமே" என்று அதன்மேல் ஊதினாள். செத்தவர் கைக்கு ஊதினாள். பிறகு வெள்ளைக் கையுறையை மாட்டிவிட்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வீடு நிறைந்துவிட்டது. அப்பாவின் பஸ்ஸில் போன பிள்ளைகள், இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அக்கா, "அப்பாவோட ஹாரனை எல்லாருக்கும் காட்டுடா" என்றாள். வேண்டாம்க்கா என்றேன். விடவில்லை. பெட்டியை முடுக்கினேன். அக்கா காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஹாரன் வீடு முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் அழுதுவிட்டார்கள்.

"பாருங்க, மெதுவாத் தட்டுனாலே எப்படிக் கேக்குது" என்றாள் அக்கா. "அன்னிக்கி அப்பா ஒரு தட்டுக்கூட தட்டலயாம். தூக்கத்துலயே போயிட்டாரு. கூப்பிட்டிருந்தா இவன் ஓடியிருக்கமாட்டானா? இல்லடா?"

"ஆமாக்கா" என்றேன்.

நல்ல சாவு என்றார்கள், கொடுத்து வைத்தவர் என்றார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "பிள்ளன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார். அவர் கையைத் தட்டிவிடவேண்டும் போல ஆத்திரம் வந்தது. நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள், மீன் குழம்பு வைத்துக் கொடுக்கிறாள், நான் இளைத்துப்போய்விட்டேன் என்று திட்டுகிறாள். எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்குத் துப்பில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்தவள், எதைக் கொடுத்தாலும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். அதனால் இதை எழுதியிருக்கிறேன். அக்கா, அப்பா கூப்பிட்டார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.