போலீஸ் திருப்பித் தந்த வலை

என் கட்டிலுக்கு அடியில் ஒரு மீன்வலை இருக்கிறது. போன வாரம் வந்தது. அறையெங்கும் லேசான கவிச்சி. வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

வலைக்குச் சொந்தக்காரர் சூசை. குமரிக் கடற்கரைக்காரர். இங்கே வளைகுடாவில், ஃபஹாஹீலில் எங்கள் கம்பெனியின் ஏசி மெக்கானிக். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலை விட்டு வந்தவர். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்... ஆனால் பெட்டியில் ஒரு வீச்சு வலையும் கூடவே வந்திருக்கிறது. ஏசி ரிப்பேருக்கு வலை எதற்கு? மாமனார் பின்னித் தந்தது, விட்டுவர மனசில்லையாம்.

வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே வார லீவு. சர்ச்சில் பூசை முடிந்து கடலோரம் நடந்தவர், தண்ணீர் ஓரிடத்தில் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டார். சாளை மீன் கூட்டம்! ரூமுக்கு ஓடி வலையோடு திரும்பினார். எண்ணெய்க் கப்பல் நிற்கும் ஜெட்டி, முள்வேலி, இரண்டு மொழிகளில் போர்டு — எதுவும் கண்ணில் படவில்லை. அக்கம்பக்கத்தில் சண்டை நடக்கிற காலம். காவலுக்கு நிற்கிறவன் சும்மா விடுவானா? வலையோடு பிடித்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டான்.

கம்பெனி ஆள் போய்ப் பேசியதில், மறுநாளே வெளியே வந்துவிட்டார். கேஸ் எதுவும் இல்லை. ஊருக்கு விஷயத்தைச் சொல்லவும் இல்லை. சூசை மறந்துவிட்டார், போலீஸ் ஃபைல் மறக்கவில்லை.

இந்த வருஷம் மனைவிக்கும் மகளுக்கும் விசா கேட்டபோதுதான் தெரிந்தது. பழைய கைதுப் பதிவு இருக்கிறதாம், ஃபேமிலி விசா கிடையாதாம். மனைவி நர்ஸ். விசா வந்துவிடும் என்று நம்பி, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார்.

பதிவை நீக்க முடியுமா? முடியும். அரசு வக்கீல் ஆபீஸில் ‘வழக்கு இல்லை’ என்று எழுதி வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். அரைகுறை அரபி தெரிந்த பாவத்துக்கு நானும் கூட அலைந்தேன். ஒரு ஜன்னலில் சீல் இல்லை, இன்னொன்றில் சீல் போடுகிறவர் இல்லை. எங்கே போனாலும் ‘புக்ரா’ — நாளைக்கு வா. யாரும் கோபப்படவில்லை, டீகூடக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். மரியாதையாக அலைய விடுகிறவர்களை என்ன செய்வது?

ஒருவழியாகக் காகிதம் கிடைத்தது. ஸ்டேஷன் அதிகாரி படித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வலை! பிடிபட்ட பொருளைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் பதிவு நீங்குமாம்.

சூசை இரண்டடி பின்னால் போனார்.

“எனக்கு வேண்டாம்ணு சொல்லுங்கண்ணே. இதத் தூக்கிட்டு ரோட்டுல போனா திரும்பவும் பிடிப்பானுவ.”

சொன்னேன். வேண்டாமென்றால் அதற்குத் தனி மனு, தனி சீல்... புக்ரா.

“வீட்டுக்காரி வேலைய விட்டுட்டாண்ணே,” என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டாக்ஸியில், கடலோர ரோடு வேண்டாம் என்று ஊருக்குள் சுற்றி வரச் சொன்னார். வலையைக் காலுக்கடியில் அமுக்கி வைத்திருந்தார். ஜெட்டிக்குள் நுழைந்த அன்று இல்லாத பயம், குற்றமில்லை என்று எழுதி வாங்கிய பிறகு வந்திருந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, பரிதாபமாக இருந்தது. ஒரு தடவை பெயர் எழுதப்பட்டவனுக்கு அழித்தாலும் நம்பிக்கை வருவதில்லை. அவர் ரூமில் வைக்கப் பயந்து, வலையை என்னிடமே விட்டுப் போனார்.

நேற்று விசா வந்துவிட்டது. சூசை ஊருக்கு ட்ரங்க் கால் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பழைய வலை இத்துப் போயிருக்கும்ணு, மாமனாரு புதுசா ஒண்ணு பின்னிக் குடுத்து விடுதாராம்ணே.”