மண் அணைத்த விதைச்செடி

செத்திமியோவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவன் பெண்டாட்டி நசரேனாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால்கூட முதலில் அவன்தான் குறுக்கே வந்து நிற்கிறான்.

நசரேனா என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் திரேவி மலையூருக்குக் கீழே ஆற்றங்கரை வயலில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிற வேலை, அது முடிந்தால் வீட்டுத் தோட்டம். பத்தொன்பது வயதில் செத்திமியோவைக் கட்டிக்கொண்டு மேலே வந்தபோது, எங்கள் பக்கம் தண்டுக்காக வளர்க்கிற கருஞ்செலரியின் தாய்வீட்டு விதையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். அதைத்தான் அவன் ‘எங்கள் வம்சத்து விதை’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவன் வம்சத்தில் வெங்காயம்கூட உருப்படியாக விளைந்ததில்லை.

செலரி விதை தூசி மாதிரி இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளிக்கிழமை காலையில் நசரேனா அதை மணலோடு கலந்து நாற்றுப் பெட்டியில் தூவுவாள். மேலே மண் போடமாட்டாள், வெளிச்சம் படாமல் அது முளைக்காது. உள்ளங்கையால் அழுத்திவிட்டு, பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுவாள். மூன்று வாரம் ஒன்றுமே தெரியாது. அதுவரை செத்திமியோ எல்லாம் போச்சு என்று புலம்புவான். முளைத்துவிட்டால் ‘என் நாற்று’ என்பான்.

தண்டு வெளுத்து இளசாக இருக்கவேண்டும் என்று செடியைச் சுற்றி மண் அணைப்பது அவன் வேலை. அதை நன்றாகவே செய்வான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வரிசையிலேயே நல்ல மூன்று செடிகளை நசரேனா யாரையும் தொடவிடமாட்டாள். அவை விதைச்செடிகள். பச்சையாகவே நின்று, குளிரைத் தாண்டி, மறு வருஷம் தோள் உயரத்துக்கு வளர்ந்து பூக்கும். அவற்றுக்கு மண் அணைத்தால் மழையில் குருத்து அழுகிவிடும்.

போன அக்டோபர் செலரிச் சந்தைக்கு, இத்தாலி முழுக்கப் பார்க்கிற தொலைக்காட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேட்கவேண்டுமா! செத்திமியோ துரை தன் வீட்டுக்கு ஓடிப்போய் விதை ஜாடியை எடுத்துவந்து, இருந்ததையெல்லாம் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு பிரசங்கம் செய்தார். எங்கள் சதுக்கத்தில் அடிக்கிற காற்று பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரே வீச்சு, கை காலி. நான் கேமராவுக்கு முன்னாலேயே திட்டினேன். செடிதான் மூன்று நிற்கிறதே, அதற்கு ஏன் கத்துகிறாய் என்று சிரித்தான். ஊரில் ஒவ்வொரு வீட்டு விதையும் வேறு, யாரும் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். நசரேனாவுக்கு மிஞ்சியது அந்த மூன்று செடிதான்.

நவம்பரில் மகளுக்குப் பிரசவம் என்று அவள் மூன்று வாரம் பெருஜா நகரத்துக்குப் போனாள். நான் ஒலிவக்காய் பறிக்கப் போயிருந்தேன். அறுவடை முடிந்த வெறும் வரிசையில் மூன்று செடி மட்டும் பச்சையாக நிற்பது செத்திமியோவின் கண்ணை உறுத்தியதாம். மூன்றுக்கும் கழுத்து வரை மண் அணைத்துவிட்டான். நாற்பது வருஷமாகச் செலரி தின்றும், விதைச்செடி எப்படி உயிர் பிழைக்கிறது என்று ஒரு நாள்கூட யோசிக்காத ஆம்பளையால்தான் இப்படிச் செய்யமுடியும். மழை வேறு விடாமல் பெய்தது. நசரேனா திரும்பி வந்து கையாலேயே மண்ணை விலக்கினாள். மூன்றும் கூழாகி நாறிக் கிடந்தன.

அவர்கள் தோட்டத்தில் நின்று நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

“வெளுக்கட்டும்னுதானே செஞ்சேன். எங்கிட்ட யாரும் சொல்லலியே” என்றான்.

சொல்லலியாம்! நாற்பது வருஷமாகச் சொன்னவள் பக்கத்தில் நகத்தில் மண்ணோடு நிற்கிறாள். குனிந்து, விலக்கிய மண்ணைத் திரும்பத் தள்ளிச் சமமாக்கினாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“தொண்டத்தண்ணி வத்தக் கத்தாத, ஓர்சோலா. அதான் உங்கிட்ட இருக்கே. அதுலேர்ந்து ஒரு சிட்டிக குடு, போதும்.”

ஏழு வருஷத்துக்கு முன்னால் செத்திமியோவுக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் விதை எனக்குக் கொடுத்திருந்தாள். வீட்டைவிட்டு விதை போகக்கூடாது என்பது அவன் சட்டம். ஏதாவது ஆகிவிட்டால் உன்னிடமாவது இருக்கட்டும் என்றாள். நான் மகாராணி, அவரைக்குப் போடுகிற மாதிரி ஒரு விரல் மண்ணைப் போட்டு மூடினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வருஷா வருஷம் செவ்வாய்ச் சந்தையில் சாதாரணச் செலரி நாற்று வாங்கி நட்டேன். அக்டோபர் தவறாமல் அவளைக் கூப்பிட்டு, தண்டுக்குள் பன்றிக்கறி வைத்துப் பொரித்து, தக்காளிக் குழம்பில் போட்டு, “உன் விதைதான், சாப்பிடு” என்று பரிமாறினேன். எங்கம்மா வீட்டு ருசி என்று தட்டை வழித்துச் சாப்பிடுவாள். அத்தனை குழம்புக்குள் எந்தச் செலரி என்று யாருக்குத் தெரியும்!

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் குரல் உயர்ந்து கேட்டேன்.

“அவன் முட்டாள். முட்டாள்னு தெரிஞ்சுதான்டி உங்கிட்ட குடுத்து வெச்சேன். முளைக்கலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொரு பொட்டலம் குடுத்திருப்பேனே. அன்னிக்கு ஜாடி நெறய இருந்துச்சு.”

செத்திமியோவைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. அத்தனையும் இப்போது எனக்கே பொருந்தியது. அவள் கதவைக்கூடச் சாத்தாமல் போனாள்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அவள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, செத்திமியோ சந்தையில் செலரி நாற்று வாங்கிக்கொண்டு என் வாசல் வழியாகப் போனான். நான் குனிந்த தலை நிமிராமல் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.