லாபத்துக்கு ஒரு கரண்டி

பினாங்கில் அரிசிக் கடையில் படி அளந்தவர் கார்த்திகேசு. அளக்கிறவர்கள் ‘ஒன்று’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. முதல் படி ‘லாபம்’, பிறகுதான் ரெண்டு, மூணு. கடையை மூடிவிட்டார்கள். பிறகு, வெள்ளைக்காரர்கள் குளிக்கும் ஒரு கிளப்பில் நீச்சல்குளத்துக்கு மருந்து போடும் வேலையும் தங்க ஓர் அறையும் கிடைத்தன. ஜெலுத்தோங்கில் ஒழுகும் கூரைக்குக் கீழே காலம் தள்ளிய அவர் மனைவி புஷ்பவள்ளிக்கு அந்த அறையே அரண்மனை. குறையென்றால் ஒன்றுதான், அவர்களுக்குப் பிள்ளையில்லை.

மருந்துக் கணக்கு ஒன்றும் கம்பசூத்திரமில்லை. குளத்தின் நீள அகல ஆழத்தைப் பெருக்கி, அந்தத் தண்ணீருக்கு இத்தனை படி பிளீச்சிங் தூள். அதன்மேல் குளித்தவர் தலைக்கு ஒரு கரண்டி. காலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டால் இளமஞ்சள் ஏறவேண்டும். ஏறாவிட்டால் பாசி பிடிக்கும்.

ஏறவில்லை. வாசல் காவலர் ஹனீபா சொன்ன தலைக்கணக்குப்படிதான் போட்டிருந்தார். ஆனாலும் தண்ணீர் பச்சை தட்டியது. கிளப் செயலாளரான வெள்ளைக்காரத் துவான் கூப்பிட்டு, இன்னொரு முறை பச்சை கண்டால் வேலையும் கிடையாது, அறையும் கிடையாது என்று சொல்லிவிட்டார். புஷ்பவள்ளியை மறுபடி அந்தக் கூரைக்குக் கீழே கொண்டுபோவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று மாலை ஏணியருகே நின்று, குளித்து ஏறி வந்தவர்களைத் தாமே எண்ணினார். “லாபம், ரெண்டு, மூணு…” ஹனீபாவின் கணக்கைவிட ஒரு தலை கூடுதல். மறுநாளும் அப்படியே. லாபத்துக்கும் சேர்த்து ஒரு கரண்டி போட்டார். மஞ்சள் அழகாக ஏறியது.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் அந்தக் குழாயை மறுபடி மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தம் கண் ஏமாறலாம், தண்ணீருமா ஏமாறும்? லாபம் என்று யாரைச் சொன்னோம் என்று யோசித்தால் முகமே நினைவுக்கு வரவில்லை. ஏணியில் ஏறிய ஈரமான சின்னப் பாதங்கள் மட்டும் நினைவிருந்தன. அந்தக் குளத்தில் பிள்ளைகளை விடுவதில்லை.

ஹனீபாவிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

“தண்ணிக்குள்ள சும்மா கெடந்ததுக்கு நீங்க பேரு வச்சுக் கூப்பிடுறீங்க அண்ணே. அதான் ஏறி வருது. மனுசனை எண்ணையில ஒண்ணுன்னு சொல்லுங்க லா.”

அன்று மாலை நாக்கைக் கட்டிக்கொண்டு, “ஒண்ணு” என்று தொடங்கினார். இருவர் கணக்கும் ஒத்துப்போனது. பயத்தில் குளத்துக் கொட்டகையிலேயே படுத்துக் கிடந்தார். விடிந்ததும் சொட்டு விட்டுப் பார்த்தால், ஒரு கரண்டி குறைத்துப் போட்டும் மஞ்சள் ஏறியிருந்தது. குளம் வெறும் குளமாகிவிட்டது. பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி அறைக்கு நடந்தார்.

புஷ்பவள்ளி உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். புருஷனிடம் பழகிய பழக்கம்.

“லாபம், ரெண்டு, மூணு.”

“நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு?” என்றார்.

அவள் அவருக்குப் பின்னால் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அவர் கண்டதில்லை.

“கூடவே கூட்டியாந்துட்டு என்னைக் கேக்குறீங்களே. தலை சொட்டச் சொட்ட நிக்குது. பேரு என்னன்னா லாபம்னு சொல்லுது.”

அவர் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு, அவள் வாசற்படியில் மண்டியிட்டாள்.