வெங்காயம் மட்டும் போகலாம்

செட்டிகுளத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. வயலோரமாக ஓடி, ஒரு வெங்காயக் கொட்டகை வாசலில் ஒதுங்குகிறேன். உள்ளே பத்துப் பெண்கள் சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்கிறார்கள். மலேசியாவுக்குப் போகும் சரக்கு. போன தடவை வேரில் மண் ஒட்டியிருந்ததால் அங்கே துறைமுகத்திலேயே மொத்த லோடையும் திருப்பிவிட்டார்களாம்.

"வெங்காயம்னா மண்ணு இருக்கத்தானே செய்யும்?" என்கிறேன், கொட்டகையை நடத்தும் செல்வியிடம்.

"வெங்காயம் போலாம் சார், நம்ம மண்ணு போவக்கூடாது. இந்தத் தடவ ஒரு மூட்டகூடத் திரும்பி வராது, பாருங்க."

சாரல் அடிக்கிறது. உள்ளே வரலாமா என்று கேட்கிறேன். செல்வி என் காலைப் பார்க்கிறார். செருப்பெல்லாம் கரிசல்.

"கழட்டிட்டு வாங்க."

கழற்றுகிறேன். ஒரு பழைய துணியை நீட்டுகிறார்.

"காலயும் தொடச்சிடுங்க சார்."